துப்பாக்கி நின்ற இடம்

புரட்டாசி மாதம் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை. ஆண்டைக் குறிக்கவில்லை. அப்போது எங்கள் நாட்காட்டியும் கடிகாரமும் எங்களுடையவையாக இல்லை. ஜப்பான்காரன் தன் கணக்கில் ஓர் ஆண்டு வைத்திருந்தான். தோக்கியோவில் என்ன மணியோ அதுவே கெடாவில் எங்கள் மெர்போக்கிலும் மணி. சூரியன் மட்டும் பழைய நேரத்திற்கே வந்துகொண்டிருந்தது.

காலை வழக்கம்போலத்தான் தொடங்கியது. இருட்டில் எழுந்தேன். உப்பும் கரியும் வைத்துப் பல் துலக்கினேன். இப்போதெல்லாம் எந்த ஊரில் இருந்தாலும் எழுந்ததும் முதல் வேலையாக ஓர் அகல் விளக்கு ஏற்றுகிறேன். அன்று அந்தப் பழக்கம் கிடையாது. என் மனைவி கமலம் அவித்த மரவள்ளிக் கிழங்கும், வறுத்த சோளத்தில் போட்ட காப்பியும் கொடுத்தாள். டியூபுக்குப் பதிலாகக் கயிறு திணித்த சக்கரங்களோடு என் சைக்கிள் தடதடவென்று, தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சாலையில் இறங்கியது.

சாலையோர மழைமரத்தடியில் முனியாண்டி கோயில். கோயில் என்றால் கூரை கிடையாது. ஒரு கல், ஊன்றிய சூலங்கள், சிவப்புத் துணி, எலுமிச்சம்பழம். அதைத் தாண்டும்போது ஒரு கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. என்றுமே இறங்கியதில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் என்போன்ற கிராணிமார் கும்பிட பட்டணத்தில் முருகன் கோயில் இருந்தது.

பெரட்டுக் களத்தில் தீப்பந்த வெளிச்சத்தில் பெயர்களைக் கூப்பிட்டேன். விடியலில் ஆள் கணக்கெடுப்பதற்குத்தான் பெரட்டு என்று பெயர். அந்த மாதங்களில் பதில் சொன்னவை பெரும்பாலும் பெண் குரல்கள். ஆண்களைச் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார்கள் என்றார்கள். மூன்று மாதம் எப்போதோ முடிந்திருந்தது.

ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் நான் நின்றிருந்தபோது போலீஸ்காரர் அவாங் சைக்கிளில் வந்தார். அவாங் எனக்குப் பழக்கமான மலாய்க்காரர். வழக்கமாக வந்ததும் உட்கார்ந்து காப்பி கேட்பார். அன்று சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி நின்றார்.

"கிராணி, உன் பேரில் ஒரு செனாப்பாங் இருக்கிறது. இன்றைக்கு ஆறு மணிக்குள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும்" என்றார் மலாயில். செனாப்பாங் என்றால் துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கி தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோடு போய்விட்டதென்று ஜப்பான்காரன் வந்த முதல் மாதமே ஸ்டேஷனில் வந்து சொன்னேனே என்றேன். நீ சொன்ன அதிகாரி மாறிப் போய்விட்டார் என்றார். கெடாவைச் சயாம்காரனிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். அதற்கு முன் பழைய லைசென்ஸ் ஒவ்வொன்றுக்கும் துப்பாக்கியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று புதியவர் நிற்கிறார். வாய்ச்சொல் எடுபடாது.

கொண்டுவராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவாங் சைக்கிள் மணியின் மூடியைத் திருகிச் சரிசெய்தார். சைக்கிளை மிதித்துப் போனார். அதற்கு முந்தைய வாரம் பட்டணத்து முச்சந்தியில், துப்பாக்கி ஒளித்த ஒருவரின் கதி என்ன என்பதைக் கூட்டத்தோடு நானும் பார்த்திருந்தேன்.

பெயர் என்னுடையது

அரிசி கார்டு பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு பாலிங்கிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: அந்தக் காலத்தில் துப்பாக்கி வைத்திருந்த தோட்டத் தமிழர் யாரேனும் உண்டா என்று. உண்டு. நான்தான். ஆனால் ஒரு தடவைகூட அதைச் சுட்டதில்லை.

சண்டைக்கு முன்பு துப்பாக்கி யாரிடம் இருந்தது என்பதை வைத்தே யார் யார் என்ன என்று சொல்லிவிடலாம். துரையிடம் புலி சுட ஒரு ரைபிள், பறவை சுட ஓர் இரட்டைக் குழல். மலாய்க் கிராமமான கம்பத்தில் நெல்லைக் காக்க, ஊர்த்தலைவரான பெங்ஹுலுவின் சிபாரிசில் ஓர் ஒற்றைக் குழல். செட்டியார் கிட்டங்கி வாசலில் பஞ்சாபிக் காவல்காரர் மடியில் ஒன்று கிடக்கும்; அது வெடித்ததை யாரும் கேட்டதில்லை. சம்பள நாளில் துரையின் காரில் முன்சீட்டில், மனிதர் உட்காரும் இடத்தில் துப்பாக்கி உட்கார்ந்து வரும். பால் வெட்டும் சனத்துக்குத் துப்பாக்கியின் சத்தம் மட்டுமே சொந்தம்.

இளங்கன்றுகளின் பட்டையைக் காட்டுப்பன்றி உரித்துப் போட்டுவிடும். அதற்காகத் தோட்டத்துக்கென்று தனியாக ஓர் ஒற்றைக் குழல் வாங்கினார்கள். துரை சீமைக்கு லீவில் போகிற ஆள். எப்போதும் தோட்டத்திலேயே இருப்பவர் பெயரில் லைசென்ஸ் இருக்கட்டும் என்று என் பெயரில் எடுத்தார். எனக்கு அப்போது கல்யாணமான புதிது. கமலம் அந்த லைசென்சை மஞ்சள் துணியில் சுற்றித் தாலிக்கூறைப் புடவைக்குள் வைத்தாள்.

சுட்டவர் வீரப்பன். தோட்டத்துக் காவல்காரர். ஒல்லியான, சத்தமே இல்லாமல் நடக்கிற மனிதர். துப்பாக்கி அவர் தோளில், பெயர் என் தலையில். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இல்லை.

வால் கணக்கு

தோட்டாவை என்னிடம்தான் வாங்க வேண்டும். ஒரு தோட்டா கொடுத்தால் ஒரு வால் வர வேண்டும் என்பது துரையின் சட்டம். பன்றி வாலோ, குரங்கு வாலோ, அணில் வாலோ, ஏதோ ஒன்று. வீரப்பன் காலையில் வாலை வாழைநாரில் கட்டி ஆபீஸ் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுப் போவார். எழுதி முடிப்பதற்குள் மேசையெல்லாம் எறும்பு. குறி தவறிய நாட்களில் அவர் வெறுங்கையோடு நிற்பார். "காற்று" என்று எழுதிக்கொள்வேன். இருவரும் சிரித்துக்கொள்வோம்.

சுட்ட தோட்டாவின் பித்தளை அடிப்பாகத்தை லயத்துப் பெண்கள் விடமாட்டார்கள். காகிதத்தைக் கிள்ளிப்போட்டுவிட்டு, சாம்பல் வைத்துத் தேய்த்தால் தங்கம்போல மின்னும். குங்குமம் வைத்துக்கொள்ள அளவான கிண்ணம். எங்கள் தோட்டத்தில் பெண்களின் நெற்றிக் குங்குமத்தில் எப்போதும் லேசான வெடிமருந்து வாடை இருக்கும் என்று கமலம் சொல்வாள்.

ஆயுத பூசை அன்று பால் உளிகள், மண்வெட்டிகள், செத்தை வெட்டும் பாராங்கு எல்லாம் முனியாண்டி முன்னால் அடுக்கப்படும். அவற்றோடு துப்பாக்கியும் போகும். துரையே அனுப்பிவைப்பார். பூசாரி கருப்பையா அதற்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைப்பார். மறுநாள் திரும்பி வரும்போது ஆபீஸ் முழுக்க மணக்கும். வருடா வருடம் இப்படிப் போய் வந்ததில், சட்டப்படி யாருடையதாக இருந்தாலும் சனங்களுக்கு அது முனியாண்டியின் துப்பாக்கி; தோட்டத்துக்கு இரவல் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஜித்ராவிலிருந்து வந்த இரும்பு

ஜித்ராவில் வெள்ளைக்காரன் தோற்றுத் தெற்கே ஓடிவந்த அந்த மழை நாட்களில், சாலையோரச் சாக்கடைகளில் துப்பாக்கிகள் கிடந்தன. வயலில் உழுதவர் காலில் தட்டுப்பட்டன. துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத சனம் அதை இரும்பாகத்தான் பார்த்தது. ஒரு வீட்டில் குழலை அறுத்து அடுப்பு ஊதும் குழாயாக்கினார்கள். இன்னொரு வீட்டில் கட்டை நல்ல விறகாக எரிந்தது. பிறகு துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்று ஜப்பான்காரனின் தண்டோரா வந்தது. வந்த இரும்பு எல்லாம் ஒரே வாரத்தில் கிணறும் ஆறும் தேடிப் போனது.

எங்கள் துரை போனது ஒரு மத்தியானம். நாய்க்குச் சோறு வைக்கச் சொல்லிவிட்டு, துப்பாக்கிகளைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கார் போன பிறகு பங்களாவில் போய்ப் பார்த்தேன். மூன்று துப்பாக்கிகள் சாத்தும் கொக்கிகள் காலியாக இருந்தன. எடுத்துப் போய்விட்டார் என்று முடிவு செய்தேன். ஸ்டேஷனிலும் அப்படியே சொன்னேன்.

கொக்கி காலியாக இருப்பதும் கார் கொண்டுபோவதும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தவுக்கே சிரித்தார்

அவாங் போன பிறகு என் கால்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஆபீசுக்குப் போய் மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தினேன். முன்பே ஒழுங்காக இருந்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். பேனா முனைகளைத் துடைத்தேன். வீட்டுக்குப் போனேன், உடனே திரும்பி வந்தேன், மறுபடி போனேன்.

கமலத்திடம் சொன்னதும் அவள் அழவில்லை. "இல்லாதத எப்படிங்க குடுக்கறது?" என்றாள். அப்புறம், "இல்லாத ஒண்ணுக்கு எதுக்கு நம்ம பேரு?" என்றாள். இரண்டாவது கேள்வியை அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்.

ஊரே துப்பாக்கியை ஒளிக்க இடம் தேடிய காலத்தில், ஒப்படைக்க ஒரு துப்பாக்கி தேடிக் கிளம்பினேன். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் சரி. எண் பொருந்தாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றுமில்லாமல் போவதைவிட மேல்.

சாலை முக்கில் ஆ செங் கடை. கருவாடும் மண்ணெண்ணெயும் மருந்தும் விற்கிற சீன முதலாளி; தவுக்கே என்போம். தோட்டத்துச் சனத்தோடு முப்பது வருடம் பழகி, எங்களைப் போலவே தமிழ் பேசுவார். பலகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய் மெதுவாகக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒளிச்சு வைங்க தவுக்கேன்னு வந்தவன் எத்தனையோ பேரு. வேணும்னு வந்தது நீங்க ஒருத்தர்தான் லா."

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஈ ஓட்டுகிற விசிறியைக் கீழே வைத்தார்.

"எந்த செனாப்பாங்? வீரப்பன் பன்னி சுடுவாரே, அதா?"

"அதுதான்."

"அது உங்க டத்தோ கையில இருக்கே. மழைமரத்துக்குக் கீழ. மாசம் ரெண்டு வாட்டி நான் ஊதுவத்தி வைக்கிறேன், தொட்டுக் கும்பிடுறேன். உங்களுக்குத் தெரியாதா?"

மலாய்க்காரரின் காவல் தெய்வத்துக்குச் சொல்கிற பெயரையே ஆ செங் முனியாண்டிக்கும் சொல்வார். துப்பாக்கி அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விடியலிலும், சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டே பார்த்திருக்கிறேன். இரண்டு சூலங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று, மேலிருந்து கீழ்வரை சிவப்புத் துணி சுற்றி நின்றது. யாரோ நேர்ந்துகொண்ட புதுச் சூலம் என்று நினைத்திருந்தேன்.

பூக் கேட்டல்

நான் போனபோது பூசாரி கருப்பையா கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வாயை விட்டுவிட்ட பொறுப்பில் ஆ செங்கும் கடையைச் சாத்திவிட்டு என் பின்னாலேயே வந்துவிட்டார். பூசாரி முதலில் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறைக்காமல் சொன்னார்.

கார் கிளம்பும் முன் துரை அந்த ஒற்றைக் குழலை வீரப்பனிடம் கொடுத்து, ஆற்றில் போட்டுவிடு என்றாராம். வீரப்பனுக்கு மனம் வரவில்லை. சந்தனம் வாங்கிய பொருளை எப்படித் தண்ணீரில் போடுவது? உரியவரிடமே சேர்த்துவிட்டார். குழல் முனையை மண்ணில் ஊன்றி, கட்டை மேலே இருக்க நிறுத்தி, துணி சுற்றினார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பேரு உங்களுது. தெரிஞ்சா ஆபத்து உங்களுக்குத்தான்னு வீரப்பன் சொன்னான். அதனால லயத்துல ஒருத்தரும் வாயத் தொறக்கல" என்றார் பூசாரி.

எனக்குத் தெரியாமல் இருந்தால் நான் தப்பித்துவிடுவேன் என்று லயம் முழுவதும் நம்பியிருக்கிறது.

சரி, இப்போது எடுத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். பூசாரி குறுக்கே நகரவில்லை. ஆனால் தலையை ஆட்டினார். அதை எடுத்துத் தர தனக்கு உரிமை இல்லை என்றார். வீரப்பனை லாரியில் ஏற்றிய அன்று அவர் மனைவி அஞ்சலை அதைத் தொட்டு நேர்ந்துகொண்டிருக்கிறாள். அவளைத்தான் கேட்க வேண்டும்.

அஞ்சலையை மரவள்ளிக் கொல்லையிலிருந்து கூட்டிவந்தார்கள். என்னைவிடச் சில வயது மூத்தவள். கோணிச் சாக்கில் தைத்த பாவாடை, முழங்கை வரை மண். நான் சொன்னதை நின்றபடியே கேட்டாள். இடுப்பு முடிச்சிலிருந்து பித்தளைக் கிண்ணத்தை எடுத்து, துணியை விலக்கித் துப்பாக்கியின் கட்டையில் புதுப் பொட்டு வைத்தாள். அந்தக் கிண்ணம் எந்த வாலுக்கு ஈடாக நான் கொடுத்த தோட்டாவோ.

"இது நிக்கிற வரைக்கும் அவரு நிக்கிறாரு ஐயா" என்றாள். "இதச் சாச்சா அவரு சாஞ்சுருவாரு. அப்படித்தான் வேண்டிக்கிட்டு இருக்கேன்."

ஆறு மணிக்குள் நான் ஒப்படைக்க வேண்டும் என்று மறுபடி சொன்னேன். என் குரல் பெரட்டில் பேசும் குரலாக இருந்திருக்க வேண்டும். அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள். ஆனால் கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

சாமியையே கேட்டுவிடலாம் என்றார் பூசாரி. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியே இலையில் மடித்துக் கல்லின் முன் போட்டார். வெள்ளை வந்தால் எடுக்கலாம். சிவப்பு வந்தால் எடுக்கக் கூடாது. யார் எடுப்பது என்ற பேச்சு வந்தது. இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர் தவுக்கேதான் என்று முடிவாயிற்று. ஆ செங் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை வேட்டியிலே துடைப்பதுபோல் தன் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

ஆ செங் அந்தப் பூவைத் திரும்ப மடித்துவிடப் பார்த்தார். நான் சூரியனைப் பார்த்தேன். பழைய மணிக்கு இன்னும் மூன்றுகூட ஆகியிருக்காது. ஆனால் தோக்கியோ மணி ஒன்றரை மணி முந்தியது. பட்டணம் போய்ச் சேர வேறு நேரம் வேண்டும். மரத்தடியில் என்னைத் தடுக்கக்கூடிய ஆள் யாரும் இல்லை. ஒரு சிவப்புப் பூவைத் தவிர எதுவும் குறுக்கே இல்லை. ஆனாலும் என் கை நீளவில்லை.

அஞ்சலை முகத்திலும் சந்தோஷம் இல்லை. சிவப்புப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்கலன்னா உங்கள என்ன செய்வானுங்க?"

தெரியாது என்றேன்.

"எங்க வீட்டுக்காரர ஏத்தறப்ப பேரு படிச்சது நீங்கதான். எங்க கூட்டிட்டுப் போறாங்க ஐயான்னு கேட்டேன். அப்பவும் தெரியாதுன்னீங்க."

"அப்போதும் தெரியாது. இப்போதும் தெரியாது, அஞ்சலை."

சாலையில் ஜப்பான் லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. நான்கு பேரும் கும்பிட்ட கையோடு நின்றோம்.

"அந்த எடம் காலியா இருக்கக் கூடாது" என்றாள் லாரி போன பிறகு.

பதிலுக்கு ஒரு கடப்பாரையை நட்டுத் துணி சுற்றிவிடலாமே என்றார் பூசாரி.

"எங்க வீட்டுக்காரரு கடப்பாரையா?" என்றாள் அஞ்சலை. ஆ செங் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். "ஆளுக்கு ஆளுதான் ஐயா. நீங்க நில்லுங்க. பெரட்டுக்கு முந்தி வந்து வெளக்கு ஏத்துங்க. அந்த எடத்துல நில்லுங்க. அவரு வர்ற வரைக்கும்."

சரி என்றேன். எத்தனை நாள் என்று கேட்கத் தோன்றவில்லை. வழக்கமாக அதைத்தான் முதலில் கேட்கிறவன் நான்.

இதையும் பூப் போட்டுக் கேட்க வேண்டாமா என்று ஆ செங் கேட்டார்.

"வேணாம் தவுக்கே" என்றார் பூசாரி. "மறுபடியும் செகப்பு வந்தா சாமிக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்."

அஞ்சலையே பிடுங்கினாள். இரண்டு கையாலும் கட்டையைப் பற்றி, இப்படியும் அப்படியும் அசைத்து, கிழங்கு பிடுங்குவதுபோல் ஒரே இழுப்பு. குழல் முனையில் ஈரமண் அப்பிக்கொண்டு வந்தது. துணியை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு துப்பாக்கியை என் கையில் கொடுத்தாள். என் பெயரில் இருந்த துப்பாக்கியை நான் கையில் ஏந்தியது அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

குவியல்

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் பாரில் கட்டினேன். வழியில் யாராவது நிறுத்தினால் கதை முடிந்தது. ஸ்டேஷன் வாசலில் அவாங் என்னைப் பார்த்ததும் அவருடைய தோள்கள் இறங்கின.

முற்றத்தில் ஒரு குவியல் கிடந்தது. அதுவரை நான் பார்த்திராத சமுதாயம் அது. துரைமார்களின் செதுக்கு வேலைப்பாடு உள்ள இரட்டைக் குழல்கள். கம்பத்துக்காரர்களின் கம்பி சுற்றிய பழைய துப்பாக்கிகள். அடுப்பூதிக் கரிபிடித்த ஒரு குழல். யாரோ பயந்துபோய்க் கொண்டுவந்து போட்ட, தகரத்தில் செய்த பொம்மைத் துப்பாக்கி ஒன்றும் கிடந்தது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, மேல் கீழ் இல்லாமல்.

புதிய அதிகாரி இளையவர். பக்கத்தில் மலாய் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர். எண்ணைப் பார்த்தார்கள். பொருந்தியது. பிறகு அதிகாரி குழல் முனைக்குள் விரலை விட்டு, வந்த மண்ணை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

புதைத்து வைத்திருந்தாயா என்று கேள்வி வந்தது. புதைப்பது என்றால் ஒளிப்பது. முச்சந்தியில் நான் பார்த்தவர் செய்ததும் அதுதான்.

புதைக்கவில்லை என்றேன். சாலையோரத்துச் சாமிக்கு முன்னால் நட்டு வைத்திருந்தது என்றேன். துவான் ஐயாவின் லாரிகள் தினமும் அதைத் தாண்டித்தான் போகின்றன என்றும் சொன்னேன். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

கட்டையில் இருந்த குங்குமம் எண்ணெயில் ஊறி இருண்டிருந்தது. அதைத் தொட்டு, இது யாருடைய இரத்தம் என்று கேட்டார். நான் விரலில் எடுத்து என் நெற்றியில் வைத்துக் காட்டினேன்.

யார் அங்கே நட்டது என்று கேட்டார். பூசாரியின் முகம் நினைவுக்கு வந்தது.

"என் பெயரில் உள்ள துப்பாக்கி. நான்தான்" என்றேன். துரை கொண்டுபோய்விட்டார் என்று முன்பு நான் சொன்னதைக் கேட்டிருந்த அவாங், சுவரில் தொங்கிய காலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை காலம் ஏன் கொண்டுவரவில்லை என்றார்கள். சாமிக்குக் கொடுத்ததைச் சாமியைக் கேட்காமல் எடுக்க முடியாது, இன்றுதான் கேட்டோம் என்று தொடங்கி, பூ, சிவப்பு, ஆளுக்கு ஆள் என்று முழுவதையும் சொன்னேன். வேறு எதையும் சொல்லத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஜப்பான் மொழியில் சொன்னார். நான் சொன்ன நீளத்துக்கு அவர் சொன்னது மிகச் சிறியதாக இருந்தது. என்ன சொன்னார் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. அதிகாரி துப்பாக்கியைக் குவியலில் எறிந்தார். பொம்மைத் துப்பாக்கி நசுங்கிய சத்தம் கேட்டது.

நான் போகாமல் நின்றேன். ரசீது கேட்டேன். அறை விழுந்தது. அவாங் என் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்து வந்து, "போ, போ, வீட்டுக்குப் போ" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அதுதான் அரித்தது. துப்பாக்கி இருந்ததற்குக் காகிதம் இருக்கிறது, கொடுத்ததற்கு இல்லை. நாளை இந்த அதிகாரியும் மாறுவார். வேறொருவர் வருவார். மறுபடி ஒருநாள் அவாங் ஒரு காலை ஊன்றி நிற்பார். நெற்றியில் இருந்த குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. கமலம் வாசலில் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் அதை வேறு ஏதோ என்று நினைத்துவிட்டாள்.

திரி

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாகக் கமலம் எடுத்துவைத்திருந்த அகலையும் கொஞ்சம் தேங்காயெண்ணெயையும் கொண்டு மழைமரத்தடிக்குப் போனேன். அந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கியது அது இரண்டாவது தடவை.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. துப்பாக்கி நின்ற குழியில் தண்ணீர் நிறைந்திருந்தது. திரி போட்டேன். ஈரக் காற்றில் இரண்டு முறை அணைந்து மூன்றாவதில் பற்றியது. எப்படி நிற்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. குழிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் என்று சூலங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். பெரட்டுக்குப் போகிறவர்கள் சாலையில் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான்தான் போய்ப் பெயர் கூப்பிட வேண்டும், எனக்குத்தான் நேரமாகிக்கொண்டிருந்தது.

அஞ்சலை வாளியும் உளியுமாக வந்தாள். கிட்டே வரவில்லை. சாலையில் நின்றபடியே கல்லைப் பார்த்தாள், சூலங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடைசியாக விளக்கைப் பார்த்தாள்.

"திரி குட்டையா இருக்கு ஐயா" என்றாள். "நாளைக்கு நீளமா போடுங்க."